போன வாரத்தைக் கேட்டுவிட்டு இலக்கு வையுங்கள்

குரூப் 4 அறிவிப்பு வெளியான வாரத்தில், தேர்வெழுதப் போகிறவர்களின் வீட்டுச் சுவரில் புதிதாக ஒரு தாள் ஏறும். ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் போட்ட டைம் டேபிள். காலை 4.30 முதல் 7.30 வரை தமிழ், இரவு 9.30 முதல் 12 வரை பொது அறிவு, லீவு நாளில் பத்து மணி நேரம் கணக்கும் மாதிரித் தேர்வும். முதல் இரண்டு நாள் எல்லாம் அப்படியே நடக்கும். மூன்றாம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவோம். இரண்டு வாரம் கழித்தும் தாள் சுவரில்தான் இருக்கும். அதைப் பார்க்கவே பிடிக்காது.

அந்த இடத்தில் பலரும் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: “எனக்கு மன உறுதி பத்தாது.” நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிறவர்களோடு பல வருடங்களாகப் பழகிவரும் எனக்கு, இந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் அது உண்மையில்லை. விடியலில் எழுந்து, சமைத்து, பஸ் பிடித்து, பதினோரு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, அதற்கு மேலும் புத்தகத்தைத் திறக்கிற ஒருவரிடம் உறுதிக்கு என்ன குறை? குறை அந்தத் தாளில் இருக்கிறது. அதில் போட்ட கணக்கு தப்பு.

எடை குறைப்பது, கடனை அடைப்பது, ஆங்கிலம் பேசக் கற்பது, தினமும் நடப்பது என்று இலக்கு எதுவானாலும் இதே தப்புதான் திரும்பத் திரும்ப வருகிறது. இங்கே அரசுத் தேர்வை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு நெருக்கமான இலக்கு அது. அதற்குச் செலவாகும் மணி நேரங்களை எண்ணிப் பார்க்கவும் முடியும்.

ஜவுளிக்கடையில் பில் போடும் ஒரு பெண்ணை மனதில் வைத்துக்கொள்வோம். கடை நேரம் காலை 9.30 முதல் இரவு 8.30 வரை. வியாழன் மட்டும் லீவு. மேலே சொன்ன டைம் டேபிளின்படி அவர் வாரத்துக்கு 43 மணி நேரம் படிக்க வேண்டும். இப்போது அவரிடம் வேறொரு தாளைக் கொடுத்து, “அடுத்த வாரம் இருக்கட்டும்மா, போன வாரம் எப்பெப்ப படிச்சீங்கன்னு எழுதுங்க” என்று கேட்டால் என்ன வரும்?

திங்கள் காலை 50 நிமிடம். செவ்வாய் குழாயில் தண்ணீர் வருகிற நாள், காலை முழுக்கக் குடத்தோடு போனது. இரவில் அரை மணி நேரம். புதன் 1 மணி 10 நிமிடம். வியாழன் லீவுதான், ஆனால் மதியம் சித்தி மகளுக்கு வளைகாப்பு. காலையும் சாயங்காலமும் சேர்த்து மூன்றரை மணி நேரம் கிடைத்தது. வெள்ளி வீடு துடைத்து விளக்கேற்றியது போக 20 நிமிடம். சனிக்கிழமை கடையில் கூட்டம், வீடு வந்து சேரவே பத்து மணி, அன்று ஒன்றுமில்லை. ஞாயிறு 40 நிமிடம். கூட்டிப் பார்த்தால் 7 மணி நேரம்.

43 எங்கே, 7 எங்கே! இந்த எண்ணைப் பார்த்ததும் யாருக்கும் முகம் வாடும். உடனே ஒரு சமாதானமும் வரும்: “போன வாரம் கொஞ்சம் வேலை ஜாஸ்தி. சாதாரணமா இப்படி இருக்காது.” அதற்கு முந்தின வாரத்தை எழுதச் சொன்னால் அதில் ஒரு காய்ச்சல் இருக்கும், அல்லது ஊரிலிருந்து வந்த அத்தை இருப்பார், அல்லது கடையில் ஸ்டாக் எடுத்திருப்பார்கள். எந்த இடைஞ்சலும் இல்லாத வாரம் என்று ஒன்று வருவதே இல்லை. அப்படியொரு வாரத்தை நம்பித்தான் நாம் டைம் டேபிள் போடுகிறோம்.

உளவியலில் இதற்குத் ‘திட்டமிடல் பிழை’ என்று பெயர். டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் இப்படிப் பெயரிட்டார்கள். கானமனுக்கே இது நேர்ந்த கதையை அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1970-களில் இஸ்ரேலில், முடிவெடுப்பது எப்படி என்பதைப் பள்ளி மாணவர்களுக்குக் கற்பிக்கும் பாடநூல் ஒன்றை எழுத அவர் ஒரு குழுவைக் கூட்டினார். ஏறக்குறைய ஒரு வருடம் வேலை நன்றாக நடந்தது. சில அத்தியாயங்களும் தயார். ஒரு நாள், புத்தகம் முடிய இன்னும் எத்தனை வருடம் ஆகும் என்று ஆளாளுக்குத் தனித்தனியாக எழுதித் தரச் சொன்னார். எல்லாருடைய பதிலும் ஒன்றரை வருடத்துக்கும் இரண்டரை வருடத்துக்கும் இடையில் இருந்தது.

அப்போது அவர் குழுவிலிருந்த கல்வித்துறைப் பேராசிரியர் சீமோர் ஃபாக்ஸிடம் வேறொரு கேள்வி கேட்டார். இதே மாதிரி பாடநூல் எழுதத் தொடங்கிய வேறு குழுக்களை உங்களுக்குத் தெரியுமே, அவர்களுக்கு எத்தனை வருடம் ஆனது? ஃபாக்ஸ் யோசித்துவிட்டுச் சொன்ன பதில் அறையையே அமைதியாக்கியது. அவற்றில் சுமார் 40 சதவீதம் புத்தகத்தை முடிக்கவே இல்லை. முடித்தவர்களில் ஏழு வருடத்துக்குக் குறைவாக எடுத்தவர் யாரும் அவர் நினைவில் இல்லை. பத்து வருடத்தைத் தாண்டியவரும் இல்லை. இவ்வளவும் தெரிந்த ஃபாக்ஸ்தான் சற்று முன்பு மற்றவர்களைப் போலவே இரண்டு வருடம் என்கிற மாதிரி எழுதித் தந்தவர். புத்தகம் முடிய எட்டு வருடம் ஆனது. அதற்குள் கல்வி அமைச்சகத்துக்கு அதன் மேல் இருந்த ஆர்வம் தணிந்துவிட்டது. அது எந்த வகுப்பறைக்கும் போகவில்லை.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது ஃபாக்ஸின் நிலைதான். சரியான தகவல் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. தன் குழுவைப் பற்றி யோசித்தபோது மட்டும் அது அவருக்குத் தோன்றவில்லை. நாமும் அப்படித்தான். போன வருடம் என்ன நடந்தது என்று நமக்கு நன்றாகத் தெரியும். இந்த வருடத்துக்குத் திட்டம் போடும்போது அதை எடுத்துப் பார்ப்பதில்லை.

கனடாவில் ரோஜர் பியூலரும் சகாக்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. உளவியல் மாணவர்களிடம் அவர்களுடைய ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு, ஏறக்குறைய 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சராசரியாக 55 நாள். வம்படியாக நினைத்த மோசமான கணக்கைவிட நடப்பு மோசமாக இருந்தது. “கொஞ்சம் கூடுதலாகவே நேரம் வைத்திருக்கிறேன்” என்று சொல்கிறவர்களும் தப்புவதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆக, பில் போடும் பெண்ணின் கையில் இருக்கும் நம்பத்தகுந்த எண் 7. அதிலிருந்து தொடங்குவோம். ஏழையே இலக்காக வைக்க வேண்டாம், கொஞ்சம் ஏற்றலாம். புதன் இரவிலும் ஞாயிறு காலையிலும் ஒவ்வொரு மணி நேரம் சேர்க்க வழி இருக்கிறது என்றால் 9. ஏழிலிருந்து ஒன்பதுக்குப் போவதே கால் பங்குக்கு மேல் உயர்வு, சின்ன விஷயமில்லை.

தேர்வுக்கு ஆறு மாதம் இருப்பதாக வைத்தால் 26 வாரம். ஆனால் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவருக்கு தீபாவளிக்கு முந்தைய மாதம் லீவே கிடையாது. வீட்டுக்கு வந்ததும் கால் வலியில் படுக்கத்தான் தோன்றும். அதற்கு நான்கு வாரம், உடம்புக்கு முடியாமல் போவதற்கு ஒரு வாரம் என்று ஐந்தைக் கழித்துவிட்டால் மீதி 21. வாரம் 9 மணி நேரம் வீதம் மொத்தம் 189. சுவரில் ஒட்டிய தாள் அவரிடம் 1,118 மணி நேரம் இருப்பதாகச் சொன்னது. இருப்பது 189.

இந்த எண்ணைப் பார்த்துச் சோர்ந்துபோவது இயல்பு. ஆனால் அதைப் பார்த்த பிறகுதான் உருப்படியான முடிவுகளே தொடங்குகின்றன. 1,118 இருக்கிறது என்று நம்புகிறவர் ஆறாம் வகுப்பு சமச்சீர் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் படிக்கத் தொடங்குவார். ஏழாம் வகுப்பு தாண்டுவதற்குள் தேர்வு வந்துவிடும். 189தான் இருக்கிறது என்று தெரிந்தவர் வினாத்தாளைப் பார்த்துத் திட்டம் போடுவார்.

வினாத்தாள் எப்படி இருக்கிறது? மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ். 75 பொது அறிவு. 25 திறனறிவு. தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அப்படியென்றால் முதல் உரிமை தமிழுக்குத்தான். அதற்கு 80 மணி நேரம். திறனறிவில் தனிவட்டி, கூட்டுவட்டி, மீ.பெ.கா., மீ.சி.ம., விகிதம், நேரமும் வேலையும் என்று ஒரே மாதிரிக் கணக்குகள் திரும்பத் திரும்ப வருகின்றன. போட்டுப் பழகினால் மதிப்பெண் நிச்சயமாக உயரும் பகுதி அது, அதற்கு 40. மாதிரித் தேர்வு எழுதி, தப்பான விடைகளைத் திரும்பப் பார்க்க ஒவ்வொன்றுக்கும் நான்கு மணி நேரம் வீதம் ஆறு தேர்வுக்கு 24. மிஞ்சுவது 45. பொது அறிவின் கடல் முழுவதையும் அதில் நீந்த முடியாது. பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு எந்தப் பாடத்திலிருந்து அதிகம் கேட்கிறார்கள் என்று பார்த்து இரண்டு மூன்று பாடங்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். எதை விடப்போகிறோம் என்பதையும் நோட்டில் எழுதிவைப்பது நல்லது. எழுதாவிட்டால், யாரோ ஒருவர் ‘இது முக்கியம்’ என்று சொன்ன அன்றே அதற்குத் தாவிவிடுவோம்.

எதை இலக்கு என்று சொல்கிறோம் என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. “குரூப் 4 பாஸ் பண்ண வேண்டும்” என்பது ஆசை. அதில் தப்பே இல்லை. ஆனால் அது நம் கையில் மட்டும் இல்லை. 2024 குரூப் 4 அறிவிப்பில் இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். பக்கத்து மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவர் எவ்வளவு எடுப்பார், இந்த முறை கட் ஆஃப் எங்கே நிற்கும், எந்த இட ஒதுக்கீட்டுப் பிரிவில் எத்தனை காலி என்பதெல்லாம் யாருடைய டைம் டேபிளுக்கும் அடங்காது. வாரம் 9 மணி நேரம், மாதம் ஒரு மாதிரித் தேர்வு, தப்பான கேள்விகளை மறுபடி போட்டுப் பார்ப்பது ஆகிய மூன்றும் நம் கையில் இருக்கின்றன. வாரக் கடைசியில் நம்மை நாமே கேட்க வேண்டியது இந்த மூன்றையும் பற்றித்தான்.

எட்வின் லாக்கும் கேரி லேத்தமும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து காட்டியது எல்லாருக்கும் தெரிந்ததுதான்: “முடிந்த வரை பார்ப்போம்” என்று தொடங்குகிறவரைவிட, திட்டவட்டமான, கொஞ்சம் கடினமான இலக்கு வைத்தவர் அதிகம் சாதிக்கிறார். இதைக் கேட்டதும் பயிற்சி மையங்களில் முதல் வாரமே “200-க்கு 175” என்று பலகையில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு. அது போதிய அளவு சொல்லப்படுவதில்லை. ரூத் கான்ஃபரும் பிலிப் ஆக்கர்மனும் 1989-இல் அமெரிக்க விமானப் படைப் பயிற்சியாளர்களை வைத்து, விமானங்களை ஓடுபாதையில் இறக்கும் பணியைக் கணினியில் செய்யவைத்துப் பார்த்தார்கள். வேலை இன்னும் பிடிபடாத ஆரம்பக் கட்டத்தில் கடினமான எண் இலக்குக் கொடுத்தபோது அது உதவவில்லை, கெடுத்தது. கற்பதற்குத் தேவையான கவனத்தின் ஒரு பகுதியை எண்ணைப் பற்றிய கவலை எடுத்துக்கொண்டது.

புதிதாகப் படிக்கத் தொடங்கும் யாருக்கும் இது மிகவும் பொருந்தும். பள்ளியை விட்டுப் பத்து வருடம் கழித்துக் கூட்டுவட்டி போடுகிறவருக்கு முதல் மாத இலக்கு மதிப்பெண்ணாக இருக்கக் கூடாது. ‘கூட்டுவட்டிக் கணக்கின் மூன்று வகைகளையும் விடையைப் பார்க்காமல் போடத் தெரிய வேண்டும்’ என்பதுபோல இருக்க வேண்டும். மதிப்பெண் இலக்கு மூன்றாம் மாதத்துக்கு மேல் வரட்டும். முதல் மாதிரித் தேர்வில் 70 கேள்விதான் சரி என்று பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த 70 அவர்களுடைய தகுதியைச் சொல்லவில்லை. இன்னும் எதைப் படிக்கவில்லை என்று சொன்னது, அவ்வளவே.

இனி, 9 மணி நேரத்தை எப்படிக் கையில் பிடிப்பது? “தினமும் படிக்கணும்” என்பதைவிட “எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதற்கு அடுத்து” என்பது பலமடங்கு வலுவானது. பிரிட்டனில் சாரா மில்னும் சகாக்களும் 2002-இல் கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரத்தில் உடற்பயிற்சி செய்தார்களா என்று குறித்தால் போதும். இரண்டாவது குழுவுக்கு உடற்பயிற்சி இதயத்துக்கு எவ்வளவு நல்லது என்று படிக்கக் கொடுத்து ஊக்கப்படுத்தினார்கள். மூன்றாவது குழுவுக்கு அதையும் கொடுத்து, கூடவே, அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பயிற்சி செய்வேன் என்று ஒரு வாக்கியம் எழுதவைத்தார்கள். முதல் குழுவில் 38 சதவீதம் பேர் பயிற்சி செய்தார்கள். ஊக்கப்படுத்திய குழுவில் 35. வாக்கியம் எழுதிய குழுவில் 91.

ஊக்கம் மட்டும் பெற்ற குழு எதுவுமே பெறாத குழுவைத் தாண்டவில்லை என்பதைக் கவனியுங்கள். காலையில் யூடியூபில் உத்வேகப் பேச்சு கேட்டுவிட்டுத் தொடங்கும் பழக்கம் பலருக்கும் இருக்கிறது. அது படிக்க வேண்டிய அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்பதுதான் என் கருத்து. நம் பில் போடும் பெண்ணுக்கு அந்த வாக்கியம் இப்படி இருக்கலாம்: “காலையில் உலை வைத்ததும், சாதம் வேகும் வரை, அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து இலக்கணம்.” “பஸ்ஸில் சீட் கிடைத்தால் நேற்றுத் தப்பாகப் போட்ட கேள்விகள்.” “செவ்வாய் தண்ணீர் நாள், அன்று காலை படிப்பு இல்லை.” கடைசி வாக்கியமும் திட்டத்தில் ஒரு பகுதிதான். இல்லை என்று முன்பே எழுதிவிட்டால் செவ்வாய் காலை குற்றவுணர்வும் இல்லை.

குற்றவுணர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தப்பிய ஒரு நாளைவிட, அந்த நாளைப் பற்றி நாம் நினைப்பதுதான் இலக்கைக் கவிழ்க்கிறது. பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் 1975-இல் செய்த ஒரு சோதனை இதை நேரடியாகக் காட்டுகிறது. கல்லூரிப் பெண்களில் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள். பிறகு எல்லாருக்கும் ஐஸ்க்ரீம் வைத்து, ருசி பார்த்துச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்க்ரீமைக் குறைத்துக்கொண்டார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். “இன்றைக்குத்தான் கெட்டுவிட்டதே, இனி என்ன” என்கிற மனநிலை. சனிக்கிழமை படிக்கவில்லை, ஞாயிறும் வேண்டாம், திங்கள்கிழமையிலிருந்து புதிதாகத் தொடங்கலாம். திங்கள் போனால் ஒன்றாம் தேதி. அது போனால் ஆடி கழிந்து ஆவணி. எல்லாவற்றுக்கும் வேர் அந்த மில்க் ஷேக்தான்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்து, ஒரு புதிய செயல் எத்தனை நாளில் பழக்கமாகிறது என்று அளந்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கால் மணி நேர ஓட்டம் போன்ற எளிய செயல்கள்தான். நடுவில் இருந்தவருக்கு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிக அதிகம். சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு ஆய்வாளர்களின் கணிப்பின்படி 254 நாள் வரை. நாம் எங்கும் கேட்கும் 21 நாள் கணக்கு, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது. நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழக ‘குறைந்தது’ சுமார் 21 நாள் ஆகிறது என்றுதான் அவர் எழுதினார். அந்தக் ‘குறைந்தது’ வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. லாலியின் ஆய்வில் நமக்கு இன்னும் பயனுள்ள செய்தி வேறு: இடையில் ஒரு நாள் தப்பியவர்களின் பழக்கம் அதனால் குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. சனிக்கிழமை போனால் போகட்டும். ஞாயிறு காலை 40 நிமிடம் அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை பாக்கியை ஞாயிறு தலையில் கட்டாமல் இருப்பதுதான் முக்கியம். பாக்கி சேரச் சேரத்தான் டைம் டேபிளைப் பார்க்கப் பயம் வருகிறது.

இலக்கை ஊருக்குச் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். சொன்னால் பொறுப்பு வரும் என்று ஒரு நம்பிக்கை. பீட்டர் கோல்விட்ஸர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நல்ல வழக்கறிஞர் ஆக வேண்டும் என்று உறுதியாக இருந்த சட்ட மாணவர்கள் அந்த உறுதியை எழுதித் தந்தார்கள். எழுதியதை இன்னொருவர் வாசித்து ஆமோதித்தவர்கள், பிறகு வழக்குகளைப் படிக்கக் கொடுத்தபோது மற்றவர்களைவிடச் சீக்கிரம் எழுந்துபோனார்கள். பாராட்டே பாதி வழி வந்துவிட்ட நிறைவைத் தந்துவிடுகிறது என்பது அவர் விளக்கம். சிறிய ஆய்வுதான். ஆனால் விசேஷ வீட்டில் “எங்க பொண்ணு வி.ஏ.ஓ. ஆகப் போகுது” என்று பெரியப்பா அறிவித்த பிறகு அந்தப் பெண்ணின் தோளில் ஏறும் சுமையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை. செய்த வேலையைச் சொல்வது வேறு. 138 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, முன்னேற்றத்தை அவ்வப்போது பார்ப்பது இலக்கை எட்ட உதவுகிறது என்றும், அதை எழுதிவைத்தாலோ மற்றவருக்குச் சொன்னாலோ பலன் கூடுகிறது என்றும் கண்டது. என்னவாகப் போகிறேன் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்வதைவிட, இந்த வாரம் எட்டே கால் மணி நேரம் படித்தேன் என்று கூடப் படிக்கிற ஒரு தோழிக்கு ஞாயிறு இரவு வாட்ஸப்பில் அனுப்புவது நல்லது.

மேடைகளில் ஒரு கதை அடிக்கடி வரும்: யேல் பல்கலைக்கழகத்தில் 1953-இல் இலக்கை எழுதிவைத்திருந்த 3 சதவீத மாணவர்கள் பிற்காலத்தில் மீதி 97 சதவீதத்தைவிட அதிகச் சொத்துச் சேர்த்தார்கள் என்று. அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. பல்கலைக்கழகமே தேடிப் பார்த்துச் சொல்லிவிட்டது. எழுதிவைப்பது நல்லதுதான். அதற்குப் பொய்க் கதை தேவையில்லை.

வெற்றியைக் கண் முன் நிறுத்திப் பார்க்கச் சொல்லும் அறிவுரையிலும் கவனம் வேண்டும். கேப்ரியேல் ஓட்டிங்கன் 1991-இல், எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த 25 பெண்களிடம் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்டார். வெற்றி பெறுவோம் என்று எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்? மெலிந்த பிறகு எப்படி இருப்போம் என்ற கற்பனை எப்படி வருகிறது? எதிர்பார்ப்பு அதிகம் இருந்தவர்கள் ஒரு வருடத்தில் அதிக எடை குறைந்தார்கள். இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்களோ, வழியில் வரும் சங்கடங்களையும் சேர்த்துக் கற்பனை செய்தவர்களைவிட 11 கிலோ அளவுக்குக் குறைவாகவே குறைந்தார்கள். எதிர்பார்ப்பு பழைய அனுபவத்தின் மேல் நிற்கிறது. கற்பனைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நான்கு வாரம் தொடர்ந்து 9 மணி நேரம் படித்த ஒருவருக்கு ஐந்தாவது வாரத்தின் மேல் வரும் நம்பிக்கை முதல் வகை. அதைப் பேச்சால் ஊட்ட முடியாது.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத ஒன்று. எப்போது நிறுத்துவது? “இந்த ஒரு தடவை மட்டும்” என்று சொல்லிச் சொல்லி இருபத்திரண்டு வயதில் தொடங்கியவர் முப்பதைத் தாண்டுவதைப் பார்க்கிறோம். கேள்வி கேட்டால் முயற்சி திருவினையாக்கும் என்பார்கள் பெரியவர்கள். ஆனால் கார்ஸ்டன் ரோஷ் 2003 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், எட்ட முடியாத இலக்கை விட்டுவிட்டு வேறொன்றைப் பற்றிக்கொள்ளத் தெரிந்தவர்கள் மனநலத்தில் மேலாகவே இருந்தார்கள். விடுவதைத் தோல்வி என்று எண்ணிப் பல நல்ல பிள்ளைகள் நொந்துபோகிறார்கள். எனக்கு இதில்தான் மிகுந்த அக்கறை.

தோற்ற அன்று இந்த முடிவை எடுக்க முடியாது. அன்று அழுகையும் வீம்பும்தான் வரும். ஆகவே தொடங்கும் நாளிலேயே, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும்: இரண்டு தேர்வு எழுதுவேன், இரண்டாவதில் என் பிரிவின் கட் ஆஃபுக்குப் பத்துக் கேள்விக்கு மேல் பின்தங்கினால், முழுநேர முயற்சியை நிறுத்துவேன். எண் ஆளுக்கு ஆள் மாறலாம். அதை வீட்டில் ஒருவருக்காவது காட்டிவைக்க வேண்டும். அம்மாவுக்கோ கணவருக்கோ அது தெரிந்திருந்தால், “இன்னும் எவ்வளவு நாள்” என்ற கேள்வி சாப்பாட்டு நேரத்தில் வராது.

இலக்கைப் போகும் வழியிலேயே பயன் தரும் இன்னொன்றோடு சேர்த்துவைக்கவும் முடியும். குரூப் 4-இல் இளநிலை உதவியாளர், வி.ஏ.ஓ. தவிரத் தட்டச்சர் பணியிடங்களும் உண்டு. அரசுத் தட்டச்சுத் தேர்வில் தமிழும் ஆங்கிலமும் தேவையான நிலையில் முடித்தவர் அந்த இடங்களுக்கும் போட்டியிடலாம். அது கிடைக்காவிட்டாலும் தனியார் அலுவலகத்தில் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது. நம் பில் போடும் பெண் உடனே டைப்ரைட்டிங் வகுப்பில் சேரலாமா? தினம் ஒரு மணி நேரம் என்றால் வாரம் ஆறு. அவரிடம் இருக்கும் ஒன்பதில் மூன்றுதான் மிஞ்சும். இப்போது வேண்டாம். 2024-இல் ஜூன் 9 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு முடிவு அக்டோபர் கடைசியில்தான் வந்தது. முடிவுக்காக ஃபோனைத் திறந்து திறந்து பார்த்தபடி பலரும் வீணாக்கும் காலம் அது. ஆறு மாதம் வாரம் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து பழகியவருக்கு, தேர்வு முடிந்த மறு வாரத்திலிருந்து அந்த நேரம் அப்படியே காலியாக இருக்கும். வகுப்பில் சேர வேண்டிய வாரம் அதுதான்.